ஸ்லாம்: கவிதையா, களமா?

'ஸ்லாம்' என்பதைக் கவிதையின் ஒரு வகையாகவே பலரும் கருதுகின்றனர். உரத்த குரலும் விரைந்த சொல்லடுக்கும் சமூகச் சீற்றமும் அதன் இலக்கணமாகச் சொல்லப்படுகின்றன. இக்கருத்து ஆய்வுக்குரியது.

கட்டடத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித், 1986இல் சிகாகோவின் 'கிரீன் மில்' விடுதியில் இதனை நடத்தத் தொடங்கினார். அவர் தந்தது புதிய யாப்பன்று, ஒரு போட்டிக்களம். பின்னர் நிலைபெற்ற விதிகள் எளியவை: கவிதை சொந்தமானதாக இருத்தல் வேண்டும், மூன்று நிமிடங்களுக்குள் முடிதல் வேண்டும், இசைக்கருவியோ வேடமோ கூடாது. அவையிலிருந்து தெரிந்தெடுக்கப்படும் ஐவர், பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இடுவர். மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் நீக்கப்பட்டு, எஞ்சிய மூன்றும் கூட்டப்படும். ஆகவே, மென்குரலில் சொன்ன சிறு கவிதையும் ஸ்லாம் ஆகலாம். போட்டியற்ற மேடையில் எழும் முழக்கம் ஆகாது. கேட்போரே நடுவராவதுதான் அதன் உயிர்நிலை.

சிக்கல் பிறப்பதும் அங்கேதான். சூடானின் தார்ஃபூரில் பிறந்த எம்தித்தால் மஹ்மூத், 2015இல் தனிநபர் உலக ஸ்லாம் போட்டியில் வென்றார். போர் சிதைத்த மண்ணின் நினைவைச் சுமந்து வருபவரின் சொல்லுக்கு எந்த அளவுகோலால் மதிப்பெண் இடுவது? ஆழ்ந்த காயமே மிகுந்த மதிப்பெண் பெறுமாயின், கவிஞர் காயத்தைக் காட்சிப்பொருளாக்கக் கற்றுக்கொள்வார்.

இரு முனை மதிப்பெண்களை நீக்கும் விதியே, மதிப்பீட்டின் தடுமாற்றத்தை ஒப்புக்கொள்கிறது. எண், அவையைக் கூர்ந்து கேட்கச் செய்யும் உபாயம் மட்டுமே. அச்சில் மங்குகிறது என்று ஒரு கவிதையைத் தள்ளுதல் தகாது; கைதட்டல் பெற்றது என்று ஏற்றலும் தகாது. முடிவு தெரிந்தபின் மறுமுறை கேட்கையிலும் அது புதிதாய் ஒன்றைத் தருகிறதா என்பதே திறனாய்வாளர் கேட்கவேண்டிய வினா.