பாடத்தை யார் எழுதுவது?

மார்க்கையன்கோட்டையில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்தால் அம்மாவுக்கு நடவு வேலை. இல்லாத மாதங்களில் விடியுமுன் ஜீப்பேறி மலைக்கு, ஏலத்தோட்டத்துக்குப் போவாள். நான் கல்லூரியில் படித்த மகளிரியலில் அந்த ஜீப் ஒரு தாளிலும் வரவில்லை. ‘விருப்பப் பாடம்’ என்று கொடுத்தார்கள். விருப்பம் யாருடையது என்று கேட்க இடமில்லை.

அதனால்தான் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களே பாடம் வகுத்து, சக மாணவர்களுக்கு நடத்தி, அதற்குக் கிரெடிட்டும் பெறும் ‘டீகால்’ ஏற்பாட்டைப் பற்றி அறிந்தபோது ஏக்கமாக இருந்தது. பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

ஆனால் இந்த உரிமைக்கு முன்கதை ஒன்று உண்டு. 1968இல் அங்கே மாணவர் முயற்சியில் உருவான ஒரு பாடத்தில் கறுஞ்சிறுத்தைகள் கட்சியின் எல்ட்ரிட்ஜ் கிளீவர் பத்து உரைகள் ஆற்றுவதாக இருந்தது. ஆளுநர் ரீகன் கொதித்தார். நிர்வாகக் குழு ஒரே உரை என்று வெட்டியது, கிரெடிட்டையும் மறுத்தது. மாணவர்கள் கட்டடங்களுக்குள் உட்கார்ந்து போராடிக் கைதானார்கள். அதே ஆண்டு வெளிவந்த ‘சோல் ஆன் ஐஸ்’ நூலில் கிளீவர், வெள்ளைப் பெண்களை வல்லுறவு செய்வதைக் கலகமென்று நினைத்ததையும், அதற்குமுன் கறுப்புப் பெண்களிடம் ‘பழகிக்கொண்டதையும்’ எழுதியிருக்கிறார். தான் தவறியதாகவும் அதிலேயே சொல்கிறார், அதை மறைக்கக் கூடாது. நிர்வாகத்தின் கோபம் அந்தப் பெண்களுக்காக அல்ல. கிரெடிட் விஷயத்தில் நான் மாணவர்கள் பக்கம்தான். என்றாலும் நான் வாசித்த போராட்டக் கதைகளில் மேடை கிளீவருக்கு, தடை ரீகனுக்கு. அந்தப் பெண்களுக்கு ஒரு வரியும் இல்லை. பாடத்திட்டம் மாணவர் கைக்கு வந்துவிட்டால் மட்டும் பெண்கள் அதற்குள் வந்துவிடுவதில்லை.

1970இல் சான் டியேகோ அரசுக் கல்லூரியில் மாணவிகளும் ஆசிரியைகளும் சேர்ந்து போராடித்தான் மகளிரியல் துறையைக் கொண்டுவந்தார்கள். எனக்கு அந்தக் கதை நெருக்கம். நம் மலைமேல் கொடைக்கானலில் 1984இல் பெண்களுக்கென்றே பல்கலைக்கழகம் வந்தது. 2022இல் ‘நான் முதல்வன்’ வந்தது. வேலைக்கான திறன்களைக் கற்றுத்தருகிறது. வேலை வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் எந்த வேலை பாடமாகும் என்பதை எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளிடம் கேட்டவர் இல்லை.

கேட்டிருந்தால் நான் எழுதித் தந்திருப்பேன்: ஒரு ஜீப்பில் எத்தனை பேரை அடைக்கிறார்கள், தோட்டத்தில் மாதவிலக்கு நாளில் எங்கே ஒதுங்குவது, மருந்தடித்த செடியில் எப்போது கைவைக்கலாம், கூலியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் வித்தியாசம்.

அம்மாவிடம் சொன்னேன், முதல் வகுப்பு நீதான் எடுக்க வேண்டுமென்று. வெற்றிலையை மடித்தபடி கேட்டாள்: “அன்னைக்குக் கூலி யாருத்தா குடுப்பா?”