கொக்கி குமார்: அழுகையின் நான்கு நிலைகள்

அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்கள் நான்கு எனத் தொல்காப்பியர் வகுத்தார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு பிறரால் இகழப்படுதல். இழவு உற்றாரையோ உடைமையையோ இழத்தல். வறுமை நுகர்தற்கு ஒன்றுமின்மை. அசைவு என்பது பண்டிருந்த நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என்பர் உரையாசிரியர். செய்யுள் மாந்தர்க்கு அமைந்த இவ்வளவுகோல் திரைப்பட மாந்தர்க்கும் பொருந்துமா எனக் காண்பது பயனுடைத்து. ஈண்டு எடுத்துக்கொண்ட பாத்திரம், 2006ஆம் ஆண்டு செல்வராகவன் இயக்கிய 'புதுப்பேட்டை'யில் தனுஷ் ஏற்று நடித்த கொக்கி குமார்.

சென்னையின் நெரிசல் மிக்க ஏழைக் குடியிருப்பில் வளரும் பள்ளிச் சிறுவன் குமார். ஒருநாள் வீடு திரும்புகிறான், தாயைக் காணவில்லை. தந்தையே அவளைக் கொன்றுவிட்டான் என்பதையும், அடுத்த பலி தானே என்பதையும் உணர்ந்து ஓடுகிறான். இது இழவு. தெருவில் பசி வாட்டக் கையேந்துகிறான். இது வறுமை. செய்யாத குற்றத்திற்குப் பிடிபட்டுச் சிறையில் அடைபடுகிறான். இது இளிவு. அதன்பின் அவனைச் சேர்த்துக்கொள்வது ஓர் அடியாள் கூட்டம். அக்கூட்டத்தின் தலைவன் பெயர் அன்பு! வீட்டில் கிடைக்காத ஒன்றின் பெயரைத் தாங்கியவனிடம் சிறுவன் சென்று சேர்கிறான். இப்பெயர்ப் பொருத்தம் தற்செயலாக அமைந்ததாயினும், கதையின் உட்பொருளை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

இம்மூன்று நிலைகளிலும் நம் இரக்கம் அவன்பால் எளிதிற் செல்கிறது. ஆயின் படத்தின் மெய்யான அவலம் நான்காவதாகிய அசைவிலேதான் உள்ளது. அது அவன் தாழும்போது நிகழவில்லை, உயரும்போது நிகழ்கிறது. அன்புவைக் கொன்று தலைவனாகிறான், தந்தையைப் பழிதீர்க்கிறான், நண்பன் தங்கையின் மணப்பந்தலில் நுழைந்து, மணமகளின் கழுத்தில் தானே வலிந்து தாலி கட்டுகிறான். பெண்ணின் விருப்பத்திற்கு மதிப்பில்லாத வீட்டை வெறுத்து ஓடியவன் அத்தகைய வீட்டையே மீண்டும் கட்டுகிறான். ஈற்றில் தன் பச்சிளங் குழந்தையையும் விட்டு நீங்குகிறான். தந்தை அவனுக்கு விட்டுச்சென்ற ஒரே சொத்து புறக்கணிப்பு. அதனையே அவன் மகனுக்கும் வைத்துப் போகிறான். பள்ளிப் படிப்பு அறுந்துபோன இவனே பின்னர்க் கல்வி அமைச்சராகிறான் என்று படம் முடியும்போது, கொட்டகையில் எழும் சிரிப்பில் கசப்பும் கலந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. கத்திச் சண்டைகளின் நீளம் சில இடங்களில் அவலத்தை மறைத்துக் களியாட்டமாக மாற்றுகிறது. கிருஷ்ணவேணி, செல்வி ஆகிய பெண்டிர் இருவரும் பெரும்பாலும் குமாரின் தேவை வழியாகவே காட்டப்படுகின்றனர். தாய்க்கு இன்னும் சில காட்சிகள் தந்திருப்பின் இழவு மேலும் ஆழ்ந்திருக்கும்.

தம்பானூரில் வாழும் நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க அருகிலேயே மற்றொரு பாத்திரம் உண்டு. 1989இல் லோகிததாஸ் எழுத, சிபி மலயில் இயக்கிய 'கிரீடம்' என்னும் மலையாளப் படத்தின் சேதுமாதவன் அவன். அப்படத்தின் பெயராலேயே 'கிரீடம் பாலம்' என்று வழங்கும் பாலம் வெள்ளாயணிப் பக்கத்தில் உள்ளது. காவலர் அச்சுதன் நாயர் மகனைப் புறக்கணித்தவர் அல்லர். அவன் காவல் உதவி ஆய்வாளராக வேண்டும் என்று அல்லும் பகலும் கனவு கண்டவர். கடைவீதியில் தந்தையை அடித்த முரடனைச் சேது திருப்பி அடிக்கிறான். ஊர் அவனுக்கு ரவுடி என்னும் கிரீடத்தைச் சூட்டுகிறது. தந்தையோ, தமக்காகக் கை ஓங்கிய மகனைக் காணவில்லை; குலைந்துபோன கனவையே காண்கிறார். ஒரு வீட்டில் அன்பே இல்லை. மற்றதில் அன்பு இருந்தும் பிள்ளையைக் காணும் கண் இல்லை. இரு வழிகளும் ஒரே தெருவில் போய் முடிகின்றன.

இத்தகைய மாந்தரை வியப்போ வெறுப்போ இன்றி நோக்கும் பார்வை நமக்குப் புதிதன்று. தம்பானூருக்கு அண்மையிலுள்ள சாலைக் கடைத்தெருவைத் தமிழிலக்கியத்தில் நிலைநிறுத்தி, 2021இல் மறைந்த ஆ. மாதவன் அவர்களின் கதைகளில் அப்பார்வையைக் காணலாம். அவர் முரடனை வீரனாக்கவில்லை, விலங்காகவும் ஆக்கவில்லை.

பிழைப்பைத் தேடி எல்லை கடந்து வந்த குடும்பங்கள் நம்முடையவை. கடையடைத்துத் தந்தை வீடு சேரும்போது பிள்ளைகள் உறங்கிவிடுகின்றனர். இது குற்றமன்று, பிழைப்பின் கட்டாயம். எனினும் குமார் என்பது தாய் அழைத்த பெயர், கொக்கி என்பது தெரு சூட்டிய பெயர் என்பதை நாம் மறத்தலாகாது. வீடு பெயர் சொல்லி அழைப்பதை நிறுத்தும் நாளுக்காகவே தெரு காத்திருக்கிறது.