வினாடி வினாவும் விண்கலத் தொடரும்

ஒளியின் வேகம் என்ன? கேட்டவுடன் "வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர்" என்று உங்களில் பலரும் சொல்லிவிடுவீர்கள். துல்லியத்தை விரும்புவோர் 2,99,792.458 கிலோமீட்டர் என்பார்கள். வினாடி வினா நிகழ்ச்சியில் இதற்கு மதிப்பெண் கிடைத்துவிடும். உடனே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஆனால், அந்த எண்ணை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று யாராவது கேட்டார்களா?

வினாடி வினா, அறிவியல் புனைகதைத் தொடர் ஆகிய இரண்டுக்கும் நான் ரசிகன். ரசிகனுக்கும் குறை சொல்லும் உரிமை உண்டல்லவா? எனவே, அமெரிக்கத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற நிகழ்ச்சிகளான 'ஜெப்பர்டி', 'ஸ்டார் டிரெக்' இரண்டையும் எடுத்துக்கொண்டு, இவை அறிவியல் மாணவனுக்கு எதைக் கற்றுத் தருகின்றன என்று பார்ப்போம்.

விடை முந்தி, வினா பிந்தி

1950களில் அமெரிக்காவில் ஒரு பெரிய மோசடி வெளியாயிற்று. 'டுவென்டி ஒன்' என்னும் வினாடி வினாவில் சில போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே விடைகளைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சார்லஸ் வான் டோரன் என்னும் கல்லூரி ஆசிரியர் 1959ல் நாடாளுமன்றக் குழுவின் முன் இதை ஒப்புக்கொண்டார். இதற்குப் பின், விடைகளை வெளிப்படையாகவே கொடுத்துவிட்டு வினாவைக் கேட்டால் என்ன என்னும் யோசனை, மெர்வ் கிரிஃபின் என்பவருக்கு அவருடைய மனைவியிடமிருந்து கிடைத்தது. 1964ல் ஜெப்பர்டி பிறந்தது.

"1879ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்த இயற்பியலாளர்" என்பது குறிப்பானால், "ஐன்ஸ்டைன் என்பவர் யார்?" என்று போட்டியாளர் கேட்க வேண்டும். பார்ப்பதற்கு வினா, உண்மையில் இது வேடமிட்ட விடைதான்.

2011ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் என்னும் கணிப்பொறி இந்தப் போட்டியில் இரு பெரும் வெற்றியாளர்களைத் தோற்கடித்தது. அவர்களுள் ஒருவரான கென் ஜென்னிங்ஸ், 2004ல் தொடர்ந்து 74 ஆட்டங்களில் வென்றவர். எனினும் ஒரு குறிப்பில் வாட்சன் சறுக்கியது. தலைப்பு: அமெரிக்க நகரங்கள். ஒரு விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப்போர் வீரர் ஒருவரின் பெயர். மற்றொன்றுக்கு அந்தப் போரின் சண்டை ஒன்றின் பெயர். அது எந்த நகரம்? வாட்சன் 'டொரன்டோ' என்றது. சரியான விடை சிகாகோ. மனிதர் இருவரும் சரியாகச் சொன்னார்கள்.

இங்கே கவனியுங்கள். இந்த விடையை மனப்பாடம் செய்திருக்கத் தேவையில்லை. 'மிட்வே' ஒரு கடற்போர் என்று தெரிந்தவர் அங்கிருந்து சிகாகோவை ஊகித்துவிடலாம். நல்ல வினாடி வினாக் கேள்வி ஓர் இயற்பியல் கணக்கைப் போன்றது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்லும். மற்றவையெல்லாம் நினைவாற்றல் பந்தயங்களே. அந்தப் பந்தயத்தில் இயந்திரம் நம்மை வென்றாகிவிட்டது.

பிழை மலிந்த நல்லாசிரியர்

ஸ்டார் டிரெக் முதலில் 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. அதில் பிழைகளுக்குப் பஞ்சமே இல்லை. காற்றில்லாத விண்வெளியில் கலங்கள் ஓசையுடன் பறக்கின்றன. எண்டர்பிரைஸ் கலம் 'வார்ப் 6' வேகத்தில் சென்றால், தொடரின் பழைய விதிப்படி அது 6ன் மும்மடி, அதாவது ஒளியைப்போல் 216 மடங்கு வேகம்! நிறையுள்ள பொருள் ஒளியின் வேகத்தை எட்டவே முடிவற்ற ஆற்றல் தேவை என்கிறது சார்பியல்.

மனிதரை ஓரிடத்தில் கரைத்து வேறிடத்தில் உருவாக்கும் கருவியும் அதில் உண்டு. வாரந்தோறும் கலம் தரையிறங்குவதைப் படமாக்கப் பணம் போதாததால் பிறந்த உத்தி அது. 70 கிலோ எடையுள்ள ஒருவரை முழுவதும் ஆற்றலாக மாற்றினால் எவ்வளவு கிடைக்கும்? கூடங்குளத்தில் உள்ளது போன்ற 1,000 மெகாவாட் உலை ஒன்று ஏறத்தாழ 200 ஆண்டுகள் இடைவிடாது தரும் மின்சாரத்துக்குச் சமம்!

அணுக்களின் இடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே துல்லியமாக அறிய முடியாது என்னும் ஹைசன்பர்க் தடையைத் தாண்ட, பின்னாளைய தொடர்களில் 'ஹைசன்பர்க் ஈடுசெய்வான்' என்றொரு கருவியைச் சேர்த்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டபோது, தொடரின் தொழில்நுட்ப ஆலோசகர் மைக்கேல் ஒகூடா, "மிக நன்றாக" என்று வேடிக்கையாகப் பதிலளித்தார்!

என் குறை இதுதான். பெயரைச் சொல்லிவிட்டால் பொருளை அறிந்தாயிற்று என்பது வினாடி வினாவின் மயக்கம். பெயரைச் சூட்டிவிட்டால் கருவியை விளக்கியாயிற்று என்பது தொடரின் மயக்கம். இரண்டும் ஒரே நோய்தான். ஆயினும் தொடரில் ஒரு நன்மை உண்டு. அது, 'இப்படி இருந்தால்?' என்ற கேள்வியை நம் மனத்தில் விட்டுச் செல்கிறது. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றவர் மிகுவேல் அல்குபியர். கலத்தின் முன்னே வெளியைச் சுருக்கி, பின்னே விரித்தால், ஒளியைவிட விரைவாகச் செல்ல ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளே இடம் தருமா என்று 1994ல் அவர் கணக்கிட்டுக் காட்டினார். கணிதம் இடம் தருகிறது. ஆனால் அதற்கு வேண்டிய எதிர்மறை ஆற்றலைப் பெறும் வழி யாருக்கும் தெரியாது. கற்பனை அறிவியலாக மாறுவது இப்படித்தான்: பெயரில் நின்றுவிடாமல் கணக்குக்குள் இறங்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, இரண்டையும் பாருங்கள், ரசியுங்கள். வினாடி வினாவில் விடை வந்தவுடன், 'இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?' என்று கேளுங்கள். ஒளியின் வேகத்துக்கு அப்படிக் கேட்டால், 1676ல் வியாழனின் அயோ என்னும் துணைக்கோளின் மறைவுகள் முந்தியும் பிந்தியும் நேர்வதைக் கவனித்து, ஒளி பயணம் செய்ய நேரம் எடுத்துக்கொள்கிறது என்று காட்டிய ரோமரைச் சந்திப்பீர்கள். 1983 முதல் மீட்டர் என்னும் அளவே ஒளியின் வேகத்தைக் கொண்டு வரையறுக்கப்படுவதால், அந்த எண் இன்று அளந்து பெறப்படுவதல்ல என்பதையும் அறிவீர்கள்.

தொடரைப் பார்க்கும்போது கையில் ஒரு பென்சிலையும் தாளையும் வைத்துக்கொள்ளுங்கள். சூரியனிலிருந்து பூமிக்கு ஒளி வர ஏறத்தாழ 500 வினாடி ஆகிறது. எண்டர்பிரைஸ் வார்ப் 6ல் வந்தால் எவ்வளவு நேரமாகும்? கணக்கிட்டுப் பாருங்கள்.