இரகசியப் பள்ளியை வரைந்தவர்

ஓர் இருட்டு அறை. வயதான பாதிரியார் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றிப் பிள்ளைகள். கூடவே ஆயுதம் தாங்கிய ஒரு வாலிபன். வெளிச்சம் முகங்களில்தான் விழுகிறது, மற்றதெல்லாம் பழுப்பும் கறுப்பும். ‘இரகசியப் பள்ளி’ என்று பெயர் பெற்ற கிரேக்க ஓவியம் இது. வரைந்தவர் நிக்கொலாஸ் யீசிஸ். சிலர் ‘கீசிஸ்’ என்றும் எழுதுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் தினச் சபைக்கூடலில் இந்தப் படத்தைத் திரையில் போட்டுப் பேசினேன். “துருக்கியர் ஆட்சியில் கிரேக்க மொழி படிக்கத் தடை. பிள்ளைகள் இராத்திரியில் ஒளிந்து ஒளிந்து போய்ப் படித்தார்கள். நமக்குப் பட்டப்பகலில் படிக்கக் கிடைத்திருக்கிறதே!” என்று உணர்ச்சி பொங்கச் சொன்னேன். நல்ல கைதட்டல். மேடையை விட்டு இறங்கியதும் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்து கேட்டாள்: “டீச்சர், இத வரஞ்சவரு அங்க இருந்து பாத்தாரா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் தேடிப் பார்த்தேன்.

பார்க்கவில்லை. பார்த்திருக்கவே முடியாது. கிரேக்க விடுதலைப் போர் தொடங்கியது 1821-இல். யீசிஸ் பிறந்தது 1842-இல், தீனோஸ் தீவின் ஸ்கிளாவொகோரி என்ற சிற்றூரில், ஒரு தச்சரின் மகனாக. அவர் பிறந்தபோது கிரீஸ் தனி நாடு. 1850-இல் குடும்பம் ஏதென்ஸுக்குக் குடிபெயர்ந்தது. பையன் சிறுவயதிலேயே அங்கிருந்த கலைப்பள்ளியில் சேர்ந்தான். பிறகு தீனோஸ் தீவின் புகழ்பெற்ற மாதா கோயில் அறநிறுவனம் உபகாரச் சம்பளம் கொடுத்து, 1865-இல் அவரை ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு அனுப்பியது.

ஏன் பாரிஸ் இல்லை, ஏன் ரோம் இல்லை என்று கேட்கலாம். புதிய கிரீஸுக்கு முதல் அரசராக வந்த ஒட்டோ பவேரியா நாட்டு இளவரசர். பவேரியாவின் தலைநகரம் மியூனிக். ஒட்டோ 1862-இல் பதவி இழந்தார், ஆனாலும் இளம் ஓவியர்கள் போகும் பாதை மாறவில்லை. யீசிஸின் நண்பர், அதே தீவுக்காரரான நிகிஃபோரோஸ் லீத்ராஸும் மியூனிக்கில் படித்தவர்தான். கலை வரலாற்றில் இவர்களை ‘மியூனிக் பள்ளி’ என்றே அழைக்கிறார்கள்.

அங்கே யீசிஸுக்கு வாய்த்த ஆசிரியர்களில் முக்கியமானவர் கார்ல் வோன் பிலோட்டி. வரலாற்று ஓவியத்தில் பெரிய கை. வரலாற்றை ஒரு நாடக மேடைபோல நிறுத்தி வைப்பார்: கொஞ்சம் மனிதர்கள், பொருத்தமான உடை, ஒரு பக்கத்திலிருந்து ஒளி, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கணம். ‘அகாடமி ஓவியம்’ என்பதன் அடிப்படைப் பயிற்சியும் இதற்கு ஏற்றதுதான். முதலில் சுண்ணச் சிலைகளைப் பார்த்து வரையவேண்டும், அப்புறம் உயிருள்ள மாடல், அப்புறம் ஒவ்வொரு கைக்கும் தலைக்கும் தனித்தனி முன்வரைவு, கடைசியில்தான் பெரிய துணி. கண்ணால் பார்த்ததை அப்படியே பதிக்கும் கலை இல்லை இது. ஏற்பாடு செய்யும் கலை.

பிலோட்டியிடம் படித்த இன்னொருவரையும் கவனியுங்கள்: ஃபிரான்ஸ் வோன் டெஃப்ரெகர். டிரோல் மலைநாட்டு விவசாயிகள் 1809-இல் செய்த கிளர்ச்சியைப் படம் படமாக வரைந்தவர். கிராமத்து மக்கள், நாட்டுப்புற உடை, தாய்நாட்டுப் பற்று என்று அதே சேர்மானம். ‘இரகசியப் பள்ளி’யை இந்த ஓவியங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்கு அது கிரேக்க உடை போட்ட மியூனிக் ஓவியமாகவே தெரிகிறது. நான் குறையாகச் சொல்லவில்லை. எந்தக் கலைஞனும் வெறுங்கையோடு வருவதில்லை.

யீசிஸ் ஊருக்குத் திரும்பாமலும் இல்லை. 1872-இல் ஏதென்ஸுக்கு வந்தார். அடுத்த ஆண்டு லீத்ராஸோடு சின்ன ஆசியாவுக்குப் பயணம் போனார். ஆனால் 1874-இல் மறுபடியும் மியூனிக். அதே ஆண்டு பாரிசில் இம்ப்ரெஷனிஸ்டுகள் தங்கள் முதல் கண்காட்சியை வைத்துவிட்டார்கள், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 1888-இல் அவர் மியூனிக் கலைக்கழகத்தில் பேராசிரியர். 1901 ஜனவரியில் அங்கேயே இறந்தார். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் சான்றிதழை வடிவமைத்தவர் இவர். நியூரம்பெர்க்கில் ஒரு அருங்காட்சியகத்துக்கு ‘பவேரியாவின் மகிமை’யை வரைந்தவரும் இவரே. அது இரண்டாம் உலகப்போரில் அழிந்துபோனது. இரண்டு நாட்டுக்கும் பாடியவர் என்று சொல்லலாம்.

‘இரகசியப் பள்ளி’ 1885–86-இல் மியூனிக்கில் இருந்துகொண்டு வரைந்தது. விடுதலைப் போர் தொடங்கி அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஊரை விட்டுத் தூரத்தில் வாழ்கிற ஒருவர், தான் பிறக்கும் முன் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றை நினைத்து வரைந்த படம். அந்தப் பழுப்பு ஒளியில் ஏக்கம் இருக்கிறது. படத்தின் அழகு அதில்தான் என்று நினைக்கிறேன்.

சரி, அப்படி ஒரு தடை இருந்ததா? இங்கேதான் நான் மேடையில் சறுக்கினேன். ஒட்டோமான் அரசு கிரேக்கப் பள்ளிகளைப் பொதுவாகத் தடை செய்ததற்குச் சான்று இல்லை என்பதே இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. தலைநகர் கான்ஸ்டான்டினோபிளிலேயே, சுல்தானின் கண்ணெதிரே, ‘தேசத்தின் பெரும்பள்ளி’ நடந்தது. ஸ்மிர்னாவில் 1733-இல் தொடங்கிய நற்செய்திப் பள்ளி இருந்தது. யோவானினா நகரம் பள்ளிகளுக்கே பேர்போனது. கிராமங்களில் பாதிரியாரிடம் சங்கீதப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கற்றவர்கள் நிறையப் பேர். பல இடங்களில் பள்ளி இல்லாததற்கு வறுமை காரணம், ஆசிரியர் கிடைக்காதது காரணம்.

இரகசியப் பள்ளிக் கதை யீசிஸுக்கு முன்பே உலவியதுதான். அவர் அதற்கு முகம் கொடுத்தார். பிறகு இயோவானிஸ் போலெமிஸ் அதே தலைப்பில் கவிதை எழுதினார், பாடநூல்கள் எடுத்துக்கொண்டன, கடைசியில் 1996-இல் வெளியான 200 திராக்மா நோட்டின் பின்பக்கத்தில் ஓவியமே ஏறிவிட்டது. பணத்தாளில் வந்தபிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

பொய்யான படம் என்று இதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. யீசிஸ் சாட்சி சொல்ல வரவில்லையே. ஒரு சமூகம் தன் மொழியைப் பற்றி என்ன நம்ப விரும்பியது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. நான் செய்த தப்பு, நம்பிக்கையை நடப்பாகச் சொன்னது. நம் மொழிக்காக மனம் உருகப் பேசும்போது, அடுத்தவன் வரலாற்றைச் சரிபார்க்கத் தோன்றுவதில்லை. கைதட்டல் வேறு கண்ணை மறைக்கும்.

இன்னொரு வருத்தம். இந்த ஒரே படத்தால் யீசிஸின் மற்ற முகம் மறைந்துபோகிறது. ‘குழந்தைகளின் நிச்சயதார்த்தம்’ (1877) பாருங்கள், ஒரு வீட்டுச் சடங்கின் சலசலப்பு காதில் விழும். வாழ்நாளின் கடைசியில் வரைந்த ‘இதோ மணவாளன் வருகிறார்’ முற்றிலும் வேறு உலகம். உடை, மேசை, நாற்காலி எல்லாம் போய், உருவங்களே ஒளிக்குள் கரைகின்றன. பிலோட்டியின் மாணவர் இவர் என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். ஒரே ஒரு படம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

வகுப்பில் ‘இரகசியப் பள்ளி’யைக் காட்டுவதென்றால், படத்துக்குக் கீழே ‘மியூனிக், 1885–86’ என்று பெரிதாக எழுதிப் போடுங்கள். 200 திராக்மா நோட்டின் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். முதல் பத்து நிமிடம் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், பிள்ளைகளைக் கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். என் மாணவியின் கேள்வி எப்படியும் வந்துவிடும். வரவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.