தமிழ் மின்பதிப்புகளும் அணுகல்தன்மையும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

அச்சு நூல்கள் இணையத்தில் ஏற்றப்பட்டதும் அனைவர்க்கும் உரியனவாகிவிடுகின்றன என்னும் கருத்து தமிழாய்வுலகில் பரவலாக உள்ளது. தமிழிலக்கியம் பயிலும் பார்வை மாற்றுத்திறனாளிகளின் நோக்கில் இக்கருத்து மறு ஆய்வுக்குரியது. திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கும் திரைவாசிப்பான் மென்பொருளே அவர்களுள் பலர்க்கு வாசிப்புக் கருவி. கட்டணமின்றிக் கிடைக்கும் என்விடிஏ, ஈஸ்பீக் ஒலிப்பொறியின் துணையால் தமிழையும் வாசிக்கிறது. கருவி உண்டு, அது வாசிக்கத்தக்க பனுவல் உண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

படிமமும் எழுத்தும்

மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து வெளியிட்டு வருகிறது. அவ்வாறு எழுத்தாகவே அமைந்த பனுவலைத் தேடவும் கேட்கவும் இயலும். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தின் நூல்களோ பெரும்பாலும் பக்கப் படிமங்கள். அரிய பதிப்புகளின் முகப்பையும் முன்னுரையையும் அச்சமைப்பையும் காக்கும் அப்பணி பதிப்பாய்வாளர்க்கு இன்றியமையாதது. எனினும், எழுத்துணரியால் பெற்ற பனுவல் உடன் இணைக்கப்படாத படிமம் திரைவாசிப்பானுக்கு வெற்றுத்தாளே.

பழைய எழுத்துருக்களின் சிக்கல் வேறு வகையினது. பாமினியில் அமைந்த கோப்பில் 'தமிழ்' என்னும் சொல் ஆங்கில விசைக்குறிகளாகவே பதிவாகியிருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் அச்சொல், செவிக்கு 'ஜே, கே, பி, ஓ' என்றோ பொருளற்ற ஒலிக்கூட்டமாகவோ சென்று சேரும். தமிழக அரசு ஒருங்குறியை 2010இலேயே ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஒருங்குறி மட்டும் போதாது. பிடிஎஃப் கோப்பாக மாறுகையில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னே இடம்பெயர்ந்து சொல் சிதைவதும் உண்டு.

வகையுளியும் செவிப்புலனும்

செய்யுட் பனுவலில் எழும் சிக்கல் முற்றிலும் பதிப்பியல் சார்ந்தது. ஒலிப்பொறி இடைவெளியைச் சொல்லெல்லையாகக் கொள்ளும். சீர்பிரித்த பாடத்திலோ இடைவெளி குறிப்பது சீரெல்லையை. வகையுளி நேருமிடத்தில் ஒரு சொல் இரு சீர்களாகப் பிளவுபடும். கண்ணால் வாசிப்போர் முன்பின் நோக்கி அதனை இணைத்துக்கொள்வர். கேட்போர்க்கு எஞ்சுவன இரு துண்டுகள். சொற்பிரித்த பாடத்தை மட்டும் தந்தாலோ யாப்பு மறைந்துவிடும். பாடஞ்சொல்லும் ஆசிரியர் செய்யுளை முதலில் யாப்பிசையோடு ஓதிப் பின்னர்ச் சொற்பிரித்துரைப்பார். மின்பதிப்பும் அவ்வாறே இரு பாடங்களையும் தருதல் வேண்டும். இதனைக் கணினி வல்லுநரிடம் மட்டும் விட்டுவிட இயலாது. எங்குப் பிரிப்பது என்பது தமிழறிஞர் துணியவேண்டியது.

சட்டமும் கடமையும்

நூல்களை அணுகத்தக்க வடிவங்களுக்கு மாற்ற 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் இசைவளிக்கிறது. 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. மின்னூடக உள்ளடக்கங்கள் அணுகத்தக்க வடிவில் அமைவதற்கான நடவடிக்கைகளை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 42ஆம் பிரிவில் அரசின் கடமையாக்குகிறது. எனவே, சட்டத்தின் இசைவின்மையைக் காரணமாகக் காட்டுதல் இனிப் பொருந்தாது.

முடிவுரை

பிறர் பனுவல்களை மதிப்பிடும் ஆய்விதழ்கள் தம் பக்கங்களையும் இவ்வளவுகோலால் அளந்து பார்த்தல் தகும். கட்டுரையை ஒருங்குறியில் பெறுதல், பிடிஎஃப் கோப்புடன் வலைப்பக்க வடிவையும் வெளியிடுதல், தலைப்புகளைப் படிநிலையோடு குறித்தல், கல்வெட்டுப் படங்களுக்கும் வரைபடங்களுக்கும் எழுத்து வடிவ விளக்கம் தருதல் ஆகியன பெருஞ்செலவை வேண்டாதவை. மேற்கோள் பிழையைத் திருத்தச் சொல்லும் மதிப்பீட்டாளர் இவற்றையும் கேட்கத் தொடங்கினால், பார்வையற்ற ஆய்வாளர் ஒருவர் பிறர் உதவிக்குக் காத்திராமல் தாமே மூலத்தைப் படித்து, தாமே மறுத்துரைக்கும் நிலை உருவாகும்.