வினைமுற்று வரும்வரை

செய்தியோடையைத் திறந்ததும் என் கண் தலைப்பைத் தாண்டி, கீழே வரும் இரண்டு வரிச் சுருக்கத்துக்குப் போய்விடும். எழுதியவர் வாசகரை எவ்வளவு மதிக்கிறார் என்பது அங்கே தெரியும்.

பெரும்பாலான சுருக்கங்களை யாரும் எழுதுவதில்லை. மென்பொருள் வெட்டித் தருகிறது. சுருக்கப் பெட்டியைக் காலியாக விட்டால் வேர்ட்பிரஸ் முதல் 55 சொற்களை எடுத்து, மூன்று புள்ளி வைத்து அனுப்பிவிடும். ஜெக்கில் என்ற இன்னொரு வலைத்தள மென்பொருள் முதல் பத்தியை எடுத்துக்கொள்ளும், வாக்கியமாவது முடிந்திருக்கும். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுவதால் வெட்டு அவ்வளவாக வலிக்காது. தமிழில் வினைமுற்று கடைசியில் அல்லவா இருக்கிறது! ஏரிக்கரை உடையும் அபாயத்தைப் பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். "மதகைத் திறக்கச் சொல்லி ஊரே திரண்டு கேட்டும் அதிகாரி…" என்று நின்றால், திறந்தாரா, மறுத்தாரா?

எழுத்தை எண்ணி வெட்டும் நிரல்கள் இன்னும் கொடுமை. யூனிகோடில் 'ல்' என்பது இரண்டு குறிகள்: லகரம் ஒன்று, புள்ளி ஒன்று. நடுவில் கத்தி விழுந்தால் 'பால்' 'பால' ஆகிவிடும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். பைட் எண்ணி வெட்டினால் கடைசி எழுத்தே சிதைந்துபோகலாம். தேர்ந்த நிரலாளர் எழுத்தின் எல்லைக்கும், அங்கிருந்து சொல்லின் எல்லைக்கும், முடிந்தால் முந்தைய வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்கும் பின்வாங்கி வெட்டுவார். அந்தப் பின்வாங்கலில் ஒரு நளினம் உண்டு. பார்த்தால் மனம் நிறையும்.

2005 டிசம்பரில் வெளியான ஆட்டம் ஓடைத் தரநிலை, ஆர்எஃப்சி 4287, எனக்கு மிகவும் பிடித்த ஆவணம். சுருக்கத்துக்கும் முழு உள்ளடக்கத்துக்கும் தனித்தனி இடம் தந்தது. தலைப்பையோ உள்ளடக்கத்தையோ சுருக்கமாகத் திருப்பிப் போடுவது உகந்ததல்ல என்கிறது. அப்படிப் போட்டால், இல்லாத பயனுள்ள சுருக்கம் இருப்பதாக மென்பொருள் எடுத்துக்கொள்ளக்கூடுமாம். தொழில்நுட்ப ஆவணத்துக்குள் எவ்வளவு நல்ல பதிப்பாசிரியர்!

இப்போது மொழி மாதிரிகளும் சுருக்கம் எழுதுகின்றன. வாக்கியம் முடிகிறது. ஆனால் கட்டுரை எதை விவாதிக்கிறது என்று அறிவிப்பதோடு பல நேரம் நின்றுவிடுகின்றன. என்ன சொல்கிறது என்பது வருவதில்லை.

அக்கறையோடு கையால் எழுதினால் அதே ஏரிக் கட்டுரையின் சுருக்கம் இப்படி வரும்: "ஊர் கேட்டது, அதிகாரி மறுத்தார். இரவில் இளைஞர்களே மதகைத் திறந்தார்கள். கரை தப்பியது, வழக்கு நடக்கிறது." முடிவையே சொல்லிவிட்டால் யார் படிப்பார்கள் என்று சிலர் பதறுவார்கள். எனக்கு அந்தப் பயமில்லை. திறக்காமல் கடந்துபோகிறவரும் ஒரு செய்தியோடு போகிறார்; திறக்கிறவர், அந்த இரவு மதகடியில் யார் யார் நின்றார்கள் என்று அறியவே திறக்கிறார்.