திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புக’ளும் ஆலைத் தொழிலாளர் உறவும்

ஆலைத் தொழிலாளர் வாழ்வு தமிழ் உரைநடையில் இடம்பெற்ற வரலாற்றை ஆராய்வார்க்குத் திரு.வி. கலியாணசுந்தரனார் 1944 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ முதன்மையான சான்றாகும். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய அவர், சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் பொறுப்பேற்றுக் கண்டவற்றையும் அந்நூலில் உரைக்கின்றார். ஒருங்கு உழைப்போர் ஒரு குழுவாவது எவ்வாறு என்னும் வினாவோடு அதனை ஈண்டு நோக்குவோம்.

யாம் வாழும் திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தை மலையுச்சியில் ஏற்றுவோர் பருவதராச குலத்தார். அங்கே குலமும் பணியும் ஒன்றே. ஆலையிலோ பல குலத்தார் ஒரே கூரையின்கீழ் நிற்கின்றனர். அவரைப் பிணிப்பது யாது?

1918 ஏப்ரல் 27 இல் அச்சங்கம் தோன்றியது, தலைவர் பி.பி. வாடியா. பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலையினர் முன்வைத்த குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு அரைமணி நேரமே கிடைத்தது என்பது. கூலி ஆளுக்கு ஆள் வேறுபடும், பசி வேறுபடாது. பொதுக்குறை குழுவை ஆக்கிற்று எனலாம்.

மேலைநாட்டார் இவ்வினாவை வேறு வழியில் ஆராய்ந்தனர். சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை ஆய்வுகள் நிகழ்ந்தன. அங்கு ஓர் அறையில் பணிபுரிந்த 14 பேர், ஒரு நாளைக்கு இவ்வளவே செய்வது எனத் தமக்குள் வரம்பு கட்டி, மிகுதியாகச் செய்தாரை அடக்கினர். ஆயின் எல்டன் மேயோ வழியினர் பெரும்பாலும் ஆலைக்குள்ளேயே குழுவைத் தேடினர்.

அந்நோக்கு போதாமையைப் பெரம்பூர் காட்டுகின்றது. 1921 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குச் சென்றனர். புளியந்தோப்பில் கலகம் மூண்டது. ஆலைக்குள் ஒன்றுபட்டார் தெருவில் இரண்டுபட்டனர். பொதுக்குறை ஆக்கிய குழுவைப் பிறப்பு ஆக்கிய குழு பிளந்தது.

இவ்விடத்தே நூலின் எல்லையும் புலனாகும். திரு.வி.க.வின் நடை தெளிவும் பரிவும் உடையது. தம்மைத் தொழிலாளர்பால் ஒப்படைத்த நெஞ்சின் நடை அது. ஆயினும் அது மேடையில் நின்றவர் எழுத்து. தறியருகே நின்றவர் எழுத்தன்று. அன்று வேலைக்குச் சென்றவன் எதனை அஞ்சினான், சங்கம் தனக்கும் உரியதென நம்பினானா என்பவற்றை அவன் வாய்மொழியாக நாம் பெற்றிலம். ஆகவே, இந்நூலைப் பயில்வோர் அதன் சொற்களை மட்டுமன்றி, அதில் பேசாதாரையும் எண்ணிப் பயிலுதல் வேண்டும். அவரை விடுத்து எழுதப்படும் தொழிலாளர் இலக்கிய வரலாறு பாதி வரலாறே.